சீமையெண்ணெயும் பஞ்சாங்கமும்

என் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தில் 1942 ஏப்ரல் மாதத்துக்குரிய இரண்டு பக்கங்களிலும் ஜப்பான் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த மாதம் 5ஆம் தேதி கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா துறைமுகங்களின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில நாட்களில் சென்னையிலிருந்து லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள். தாத்தா எழுதியிருப்பதோ இவ்வளவுதான்: "மேலத் தெரு ஏழாம் விளக்குச் சிம்னி உடைந்தது, மாற்று இல்லை. எண்ணெய் மூன்று டின் மட்டும் வந்தது. காலி வீட்டுக் கணக்கு மறுபடி பார்க்க வேண்டும்."

முதல் முறை படித்தபோது, உலகமே பற்றி எரிந்த நாட்களில் இவர் சிம்னியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பல முறை படித்த பிறகுதான் அந்த மூன்று வரிகளும் போரைப் பற்றியவையே என்று விளங்கியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தாத்தா, வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில், பாலாற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய முனிசிபாலிட்டியில் குமாஸ்தாவாக இருந்தவர். கவுன்சில் கூட்ட நடவடிக்கைகளை ஆங்கிலத்தில் தீர்மானப் புத்தகத்தில் பிரதி எடுப்பது அவர் வேலை. இரவு வீட்டுக்கு வந்ததும், தமக்கு முக்கியமாகப் பட்டதைத் தமிழில் இரண்டு மூன்று வரிகளாகக் குறித்துவைப்பது அவர் பழக்கம். ஆயா (என் பாட்டி) காலமான பிறகு பரணிலிருந்த தகரப் பெட்டியில் அந்த நோட்டு எனக்குக் கிடைத்தது. அது கடையில் வாங்கிய நோட்டன்று. காலாவதியான வீட்டு வரி டிமாண்டு நோட்டீஸ் படிவங்களைப் பின்பக்கம் மேலே தெரியுமாறு அடுக்கி, கோணி ஊசியால் தைத்துக் கட்டியிருக்கிறார். போர்க்காலத்தில் காகிதம் அவ்வளவு அரிதாக இருந்தது. மறுபக்கத்தில் அச்சான எழுத்துகள் தாளுக்குள் நிழலாகத் தெரிகின்றன; அவற்றின் மேல் ஓரம் விடாமல், வரிக்கு வரி நெருக்கி, கடுகு தாளித்தது போன்ற சிறு எழுத்தில் அவர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அலுவலகத்துக்கு வந்த உறைகளையும் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டி, மறுபடியும் அனுப்பினார்களாம்.

1920ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம்தான் அந்த அலுவலகத்தை நடத்தியது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி மாட்டு வரி, சந்தைக் குத்தகை, ஆட்டுத் தொட்டி, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், அம்மை குத்துதல், பிறப்பு இறப்புப் பதிவு, திரியும் மாடுகளை அடைக்கும் பட்டி என்று ஊர் வாழ்க்கையின் ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டத்தின் ஏதோ ஒரு பிரிவுக்குள் அடங்கியிருந்தது. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, இந்தியத் தலைவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவையும் போரில் சேர்த்தார். அதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் மந்திரி சபை பதவி விலகியது. அதன்பின் 1946 வரை சென்னை மாகாணத்தில் கவர்னரின் ஆட்சிதான். சட்டசபை கூடாத அந்த ஆண்டுகளில், வாக்குப் பெற்று வந்த ஒருவர் எழுந்து நின்று அதிகாரியைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கக்கூடிய இடங்கள் மிகவும் குறைந்துபோயின. பல ஊர்களில் எஞ்சியிருந்த அத்தகைய இடம் முனிசிபல் கவுன்சில். ஆகவே அங்கே ஒரு சாக்கடையைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வியை நான் சிறிய கேள்வியாக எண்ணுவதில்லை.

இனி விளக்குக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மட்டும் மின்விளக்கு இருந்தது; மற்றத் தெருக்களில் கம்பத்தின் மேல் கண்ணாடிக் கூண்டு, அதனுள் சீமையெண்ணெய் விளக்கு. நம் நாட்டுக்கு வந்த சீமையெண்ணெயில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரலில் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று, பிரிட்டிஷ் படையே அழித்துவிட்டுப் பின்வாங்கியது. அங்கே கிணறு எரிந்ததன் விளைவு, பாலாற்றங்கரையில் "மூன்று டின் மட்டும் வந்தது" என்ற வரியாக வந்து சேர்ந்தது.

மூன்று டின்னை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழுவதும் ஊருக்கு எப்படி வெளிச்சம் காட்டுவது? இதற்குத் தாத்தாவும் விளக்கு மேஸ்திரியும் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிலாக் காலத்தில் விளக்கேற்றாமல் விடுவது பழைய வழக்கந்தான். ஆனால் அதுவரை வளர்பிறையில் சில நாட்களை மட்டும் உத்தேசமாக விட்டுவந்தார்கள். இப்போது ஒவ்வொரு திதிக்கும் நிலா உதிக்கும் நேரம், மறையும் நேரம், இடைப்பட்ட இருட்டு எத்தனை நாழிகை என்று பார்த்து, அந்த இருட்டுக்கு மட்டும் எண்ணெயை அளந்து ஊற்றுவதென்று முடிவாயிற்று. அஷ்டமி நவமி நாட்களுக்குத் தனிக் கணக்கு, அமாவாசையை ஒட்டிய நாட்களுக்குத் தனிக் கணக்கு. நோட்டில் அந்த அட்டவணை முழுவதும் இருக்கிறது. ஒரு பக்கம் திதி, எதிரே நாழிகை, அதன் எதிரே எண்ணெய் அளவு. நல்ல நாள் பார்க்கப் பிறந்த பஞ்சாங்கம் தெருவிளக்குக்கு ரேஷன் பார்த்த அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

விளக்கேற்றும் தொழிலாளி ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவதை ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறி, கூண்டைத் திறந்து, முதலில் சிம்னியைக் கழற்றிச் சாம்பல் தொட்ட துணியால் உள்ளும் புறமும் துடைப்பாராம். பிறகு திரியின் கருகிய நுனியைக் கத்தரித்துச் சமமாக்குவாராம். அதன்பிறகே இடுப்பில் தொங்கும் சிறு அளவுக் குவளையால் எண்ணெய். குவளையைக் கவிழ்த்தபின் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, விளிம்பைத் திரியிலேயே துடைத்துவிட்டு இறங்குவாராம். அந்தக் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்தவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நோட்டிலும் "விளக்குக்காரர்" என்று மட்டுமே இருக்கிறது.

அப்படியும் எண்ணெய் போதாதபோது, எந்த விளக்கை நிறுத்துவது என்பது கவுன்சிலின் முன் வந்தது. ஒன்று விட்டு ஒன்று நிறுத்திவிடலாம் என்பது அலுவலகக் குறிப்பு. கவுன்சிலர்கள் அதை ஏற்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி வாசல், பொதுக்கிணற்று மேடை, மசூதித் தெரு முனை, சுடுகாட்டுப் பாதை திரும்பும் இடம் ஆகியவற்றை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொருவராக எழுந்து வாதாடியிருக்கிறார்கள். ஒரு கவுன்சிலர் தம் வீட்டெதிரே இருக்கும் விளக்கை முதலில் நிறுத்தும்படி எழுதிக் கொடுத்தார் என்றும் தாத்தா குறித்திருக்கிறார். மேலத் தெரு ஏழாம் விளக்குக்குச் சிம்னியே இல்லாததால், அதைப் பற்றி வாதமின்றி முடிவாயிற்று. அன்று வேறெதுவும் பேச நேரமில்லாமல் மற்றப் பொருள்கள் ஒத்திவைக்கப்பட்டன.

காலி வீட்டுக் கணக்கின் கதை வேறு. குடியில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரியில் தள்ளுபடி கேட்க உரிமையாளருக்கு வழியுண்டு. அந்த ஏப்ரலில் எங்கள் ஊரில் பூட்டிய வீடே இல்லாமல் போயிற்று. சென்னையிலிருந்து எம். எஸ். எம். ரயில்வே வண்டிகளில் காட்பாடியில் வந்து இறங்கிய கூட்டம், ஜட்காக்களிலும் மாட்டு வண்டிகளிலும் வேலூருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் பரவியது. 1941லேயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டதால், பஸ்கள் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிய காலம் அது. பில் கலெக்டர் தெருத் தெருவாகப் போய், நேற்றுவரை காலியென்று எழுதியிருந்த வீடுகளில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எண்ணி வந்தார். அந்தக் கணக்கு வரிக்காகத் தொடங்கியதுதான். ஆனால் எந்தத் தெருவுக்கு எத்தனை குடம் தண்ணீர் அதிகம் தேவை, எந்தச் சந்துக்குக் கழிவு வண்டி இன்னொரு நடை போக வேண்டும், எத்தனை குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டும் என்று சொல்வதற்கு அலுவலகத்தில் வேறு கணக்கே இருக்கவில்லை. வந்தவர்களை வரவேற்றுத் தீர்மானம் ஏதும் நிறைவேறவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் மட்டும் கிடைத்தது.

கோடையில் பாலாறு என்பது மணல்தான். மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கும் ஊரில், ஒரே வாரத்தில் வாய்கள் பெருகினால் அடுத்து வருவது காலரா என்பது சானிட்டரி இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். 1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. நாட்டிலேயே இத்தகைய முதல் சட்டம் அது. சட்டம் புதிது, அதிகாரமும் தாராளம். ஆனால் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடருக்கு மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கழிவு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கிடைக்கவில்லை, இரும்பெல்லாம் போருக்குப் போய்விட்டது. இரண்டு உடைந்த வண்டிகளின் பட்டாக்களைக் கழற்றி ஒரு வண்டியை ஓடவிட அனுமதி கோரும் குறிப்பு ஒன்று நோட்டில் இருக்கிறது. அந்த வண்டி ஒரு வாரம் நின்றிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்பதை, எடுப்புக் கக்கூஸ் காலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வண்டியை ஓட்டியவர்கள், மலம் அள்ளியவர்கள், தெருப் பெருக்கியவர்கள் ஆகியோரின் கூலி பற்றிய பொருள்தான் போர்க்காலம் முழுவதும் அதிகமுறை அஜெண்டாவில் வந்திருக்கிறது. பர்மா அரிசி நின்றபின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விலையேற்றத்துக்கு ஈடாகக் கொடுத்த தொகைக்குப் பஞ்சப்படி என்று பெயர். இன்று நாம் அகவிலைப்படி என்கிறோம். மதிப்பான சொல்தான், ஆனாலும் பஞ்சம் என்ற சொல் அதிலிருந்து போய்விட்டபோது அந்தப் படி எதற்காகப் பிறந்தது என்பதும் மறந்துபோயிற்று என்றே நினைக்கிறேன். பஞ்சப்படியை உயர்த்தக் கவுன்சில் தீர்மானித்தால் மேலிடத்து ஒப்புதலுக்குப் போகும். விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். விளக்கம் எழுதி மறுபடி போகும். அதற்குள் அரிசி விலை இன்னொரு படி ஏறியிருக்கும். தாமதத்தால் துன்பப்பட்டவர்கள் ஊரிலேயே மிகக் குறைந்த கூலி வாங்கியவர்கள் என்பதைத் தாத்தா மூன்று இடங்களில் எழுதியிருக்கிறார். அவர் குரல் உயர்வது அந்த நோட்டிலேயே அங்கேதான்.

1942 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் இந்தியாவின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். 1945 அக்டோபர் 15 வரை அந்தப் புது நேரம் நீடித்தது. அரசாங்கத்துக்கு அது ஒரு வரி உத்தரவு. ஊருக்கோ குழாய் திறக்கும் நேரம், சந்தை கூடும் நேரம், பள்ளி மணி, விளக்கேற்றும் நேரம், ராகு காலம் எல்லாம் இரண்டிரண்டாகிவிட்டன. தண்ணீர் விடும் வேளையைக் கேட்டுக் குடத்தோடு வாசலில் நிற்கும் பெண்கள், "இன்னா சாமி, பழைய ஆறா, புது ஆறா?" என்று கேட்பார்களாம். தாத்தாவின் விளக்கு அட்டவணையில் பஞ்சாங்கம் பழைய நேரத்தில், அலுவலகக் கடிகாரம் புது நேரத்தில். ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார். இடமில்லாததால் திருத்தங்கள் ஓரத்தில் செங்குத்தாக ஏறி நிற்கின்றன.

சில்லறைக்கும் தட்டுப்பாடு வந்தது. 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வெளிவந்தது. செம்பை மிச்சப்படுத்த வந்த காசு. ஓட்டைக் காலணா என்று சனங்கள் பெயர் வைத்தார்கள். சந்தைக் கட்டணத்தைக் காலணா காலணாவாக வாங்கும் தண்டல்காரர் அவற்றைக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார் என்று ஒரு குறிப்பு.

கூட்ட வருகைப் பதிவில், 1941இன் பெரும்பகுதி முழுவதும் ஒரு கவுன்சிலரின் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்றே எழுத வேண்டியிருந்ததாம். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் போரை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனவர் அவர். வேலூர்த் தொரப்பாடியில் இருக்கும் மத்திய சிறையில் அந்நாளில் தமிழ்நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த காங்கிரஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் காமராஜர். 1940இல், சத்தியாக்கிரகிகளின் பட்டியலுக்குக் காந்தியடிகளின் ஒப்புதல் பெற வார்தாவுக்குப் போகும் வழியில் கைதாகி அங்கே கொண்டுவரப்பட்டவர் அவர். அவர் சிறைக்குள் இருக்கும்போதே விருதுநகர் முனிசிபாலிட்டி அவரைச் சேர்மனாகத் தேர்ந்தெடுத்தது. விடுதலையாகி ஊர் திரும்பிய அவர் நேராக முனிசிபல் அலுவலகத்துக்குப் போய்ப் பதவியை ராஜினாமா செய்தார். முழுமையாக நியாயம் செய்ய முடியாத பதவியை ஏற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். 1954இல் முதலமைச்சரானபின் அவர் சட்டசபைக்குப் போட்டியிட்டது எங்கள் மாவட்டத்துக் குடியாத்தத்தில்தான் என்பதால், இந்த நிகழ்ச்சியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொந்தக்காரர் கதைபோலச் சொல்வார்கள். தாத்தாவுக்கு அதில் வேறொரு மனக்கிளர்ச்சி இருந்தது. "சேர்மன் நாற்காலின்னா அதுல தினமும் உட்காரணும்ப்பா. காமராசருக்கு அது தெரிஞ்சிருக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். தேசத்தின் பெருவேலைக்காகச் சிறைக்குப் போகத் துணிந்த ஒருவர், ஒரு சிற்றூரின் குழாயும் சாக்கடையும் தம் அரைகுறைக் கவனத்துக்கு உரியவை என்று கருதாததே தாத்தாவை நெகிழச் செய்திருக்க வேண்டும்.

இந்த விவரங்கள் தாத்தாவின் நோட்டில் மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாண அலுவலக முறையில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு. உடைந்த சிம்னி, சக்கரப் பட்டா, கிணற்று மருந்து போன்றவை எல்.டிஸ். ஆகத்தான் முடிந்திருக்கும். ஆண்டு கழிந்ததும் கட்டோடு கொண்டுபோய் எரித்திருப்பார்கள். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த விதி, ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட நாட்களின் சாட்சியத்தை எரித்தது. இன்னும் பல நகராட்சிகளின் பதிவறைகளில் பழைய தீர்மானப் புத்தகங்கள் சிவப்புத் துணிக்கட்டுக்குள் இருக்கின்றன. அவை நிரந்தரப் பதிவேடுகள். கரையானுக்கு அந்த முத்திரை தெரியாது. வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் யாருக்காவது அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால், 1939 முதல் 1945 வரையிலான பக்கங்களைத் தயவுசெய்து படமெடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறப்புப் பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலூர்ச் சுற்றுப்புறம் படைக்கு ஆள் தந்த பகுதி. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இன்றும் பட்டாளத்துக்குப் போகாத வீடு அரிது. ஆனால் முனிசிபாலிட்டியின் இறப்புப் பதிவேட்டில் ஊர் எல்லைக்குள் இறந்தவர்கள் மட்டுமே இடம்பெறுவார்கள். பர்மாக் காட்டிலோ ஆப்பிரிக்க மணலிலோ இறந்தவருக்கு அதில் இடமில்லை. ஆகவே போர் நடந்த ஆறு ஆண்டுகளின் பதிவேட்டைப் புரட்டினால் காய்ச்சல், பேதி, அம்மை, பிரசவம், முதுமை என்றிருக்கும், போர் இருக்காது.

1944இல் ஒரு தாய் முனிசிபல் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பட்டாளத்திலிருந்து வந்த தந்தி. மகன் பெயரை இறந்தவர்கள் புத்தகத்தில் எழுதும்படி கேட்டார். எழுத முடியாது, சட்டத்தில் இடமில்லை, அந்தக் காகிதமெல்லாம் பட்டாளத்து ஆபீஸிலிருந்துதான் வரும் என்று தாத்தா சொல்ல வேண்டியிருந்தது. "இந்தத் தெருவுலதானே பொறந்தான், பொறந்த புக்குல எழுதினீங்களே" என்று அந்த அம்மா கேட்டாராம். தாத்தா பழைய பிறப்புப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, படிக்கத் தெரியாத அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்துக் காட்டினார்.

அன்றிரவு தம் நோட்டில் அந்த மகனின் பெயரையும் தெருவையும் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, அதே மையில், "திதி சதுர்த்தசி. இருட்டு இருபத்தைந்து நாழிகை. எண்ணெய் அதன்படி."